ஈயம் வேறு, காரீயம் வேறு



மலேசியாவில் 'ஈயம்' என்று சொன்னவுடன் பெரியவர்களின் நினைவுக்கு வருவது லம்பம்தான். கிந்தா பள்ளத்தாக்கு, தைப்பிங், கம்பார், மண்ணை வாரிக் கழுவிய இயந்திரங்கள், கைவிடப்பட்ட பின் நீர் நிறைந்து ஏரிகளாகிப்போன குழிகள். ஆனால் அந்த லம்பங்களில் எடுத்தது வெள்ளீயம். இன்று பேச எடுத்துக்கொண்டது காரீயம். பெயரில் மட்டும்தான் இவை இரண்டும் உறவு. ஒன்று உணவு டின்னின் உள்பூச்சாக வாய்க்கு அருகே வரலாம். மற்றொன்று வாய்க்கு அருகே வரவே கூடாது.

இந்தக் குழப்பம் தமிழர்களுக்கு மட்டும் உரியதன்று. மலாய்மொழியில் வெள்ளீயம் 'தீமா', காரீயம் 'தீமா ஹீத்தாம்', அதாவது கறுப்பு ஈயம். பண்டைய ரோமானியர்களும் இப்படித்தான் கறுப்பு பிளம்பம், வெள்ளைப் பிளம்பம் என்று நிறத்தை வைத்தே பிரித்தார்கள். மூன்று மொழிகள், ஒரே வழி. அந்தப் பிளம்பம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்துதான் குழாய் வேலை செய்பவருக்கு 'பிளம்பர்' என்ற பெயர் வந்தது. ஒரு காலத்தில் தண்ணீர்க் குழாய் என்றாலே காரீயக் குழாய்தான்.

காரீயத்தை மனிதன் இவ்வளவு சீக்கிரம் கைப்பற்றியதற்குக் காரணம், அது எளிதில் வசப்படுவதுதான். இரும்பை உருக்க 1,500 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். காரீயத்துக்கு 327 பாகை செல்சியஸ் போதும். விறகுத் தீயே உருக்கிவிடும். இதன் முக்கியத் தாதுவான கலீனா கறுப்பாகப் பளபளக்கும் கனமான கல். அதில் காரீயத்தோடு கந்தகம் சேர்ந்திருக்கும். காற்றுப்பட வறுத்தால் கந்தகம் புகையாகப் போய்விடும். மிஞ்சுவதைக் கரியோடு சேர்த்துச் சுட்டால் உலோகம் உருகி வழியும். இதே கலீனாவைப் பொடியாக்கிச் சுர்மா என்று கண்ணுக்குத் தீட்டிக்கொள்ளும் வழக்கம் எகிப்தில் தொடங்கிப் பல நாடுகளில் பரவியது.

ஆனாலும் ஆதியில் காரீயத்துக்காக யாரும் இவ்வளவு பாடுபடவில்லை. அவர்கள் தேடியது வெள்ளி. கலீனாவில் மிகச் சிறிய அளவில் வெள்ளி கலந்திருக்கும். உருக்கிய காரீயத்தின் மேல் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் காரீயம் மட்டும் மஞ்சள் நிறச் சுண்ணமாக மாறிப் பிரியும். அடியில் வெள்ளி தங்கும். பிரிகிற அந்த மஞ்சள் பொருளைச் சித்த வைத்தியத்தில் மிருதார்சிங்கி என்பார்கள். ஒரு கை வெள்ளிக்காக வண்டி வண்டியாகக் காரீயம் கிடைத்தது. கிடைத்ததை என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் மற்றப் பயன்கள் எல்லாம் பிறந்தன.

கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகருக்கு அருகே லாரியம் என்ற இடத்தில் இத்தகைய சுரங்கங்கள் இருந்தன. கி.மு. 483 வாக்கில் அங்கே புதிய வெள்ளிப் படிவம் ஒன்று கிடைத்தது. அந்தப் பணத்தை மக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது தெமிஸ்டொக்ளிஸ் என்ற தலைவர் தடுத்து, போர்க்கப்பல் கட்டச் சொன்னார். மூன்றே ஆண்டுகளில், கி.மு. 480ல், சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் பெரும்படையை அந்தக் கப்பல்கள் தோற்கடித்தன. வரலாற்றுப் புத்தகங்கள் இந்த வெற்றியைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. லாரியத்தின் குறுகிய பொந்துகளில் தவழ்ந்து தாது வெட்டிய அடிமைகளுக்கு அந்தப் பக்கங்களில் அதிக இடம் இல்லை.

ரோமானியர்கள் இதைப் பெருந்தொழிலாக்கினார்கள். ஸ்பெயினில் தோண்டினார்கள். கி.பி. 43ல் பிரிட்டனுக்குள் படையெடுத்து நுழைந்தவர்கள், கி.பி. 49க்குள் அங்குள்ள மெண்டிப் குன்றுகளில் காரீயக் கட்டிகளை வார்த்து முத்திரை குத்திவிட்டார்கள். அந்தக் கட்டிகள் இன்றும் கிடைக்கின்றன. குளிக்கும் தொட்டிக்குக் காரீயம், கூரைக்குக் காரீயம், சவப்பெட்டிக்குக் காரீயம், குழாய்க்குக் காரீயம். திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் வற்றக் காய்ச்சி, அந்தப் பாகைத் திராட்சை மதுவிலும் உணவிலும் சேர்த்தார்கள். புளிப்போடு காரீயம் சேர்ந்தால் உண்டாகும் உப்புக்கு இனிப்புச் சுவை உண்டு. நஞ்சு இனிப்பாக இருந்ததால்தான் அது பலகாலம் தப்பித்தது.

இந்த வணிகத்தில் தென்னாட்டுக்கும் பங்கு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடற்பயணக் குறிப்பில், சேரநாட்டு முசிறித் துறைமுகத்துக்கு வந்திறங்கிய சரக்குகளின் பட்டியலில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றும் இருக்கின்றன. இந்தியாவில் காரீயமே இல்லை, முத்தும் மணியும் கொடுத்துத்தான் வாங்கிக்கொள்கிறார்கள் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்தார். அது முழு உண்மையன்று. இராஜஸ்தானத்தில் கி.மு. காலத்திலேயே காரீயச் சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தக்காணத்தை ஆண்ட சாதவாகன அரசர்கள் காரீயத்திலேயே நாணயம் அடித்தார்கள். வேறெங்கும் அவ்வளவாகக் காணமுடியாத வழக்கம் அது.

அந்தக் காலத்துச் சூளைகளின் புகை எங்கே போனது? கிரீன்லாந்துக்குப் போனது. அங்கே ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கிறது. ஆழத் துளையிட்டு எடுத்த அந்தப் பனித்தண்டில் ரோமானியர் காலத்துக் காரீயம் படிந்திருப்பதை 1994ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 2018ல் வந்த இன்னொரு ஆய்வு ஆண்டுவாரியாகவே கணக்குப் பார்த்தது. ரோமாபுரி செழித்திருந்தபோது அளவு ஏறியது. உள்நாட்டுப் போர் நடந்தபோதும், கி.பி. 165ல் தொடங்கிய கொள்ளைநோயின்போதும் இறங்கியது. ஒரு பேரரசின் வரவுசெலவுக் கணக்கு வடதுருவத்தின் பனியில் எழுதப்பட்டிருந்தது என்றால் நம்புவது கடினம். ஆனால் உண்மை.

காரீயக் குழாயால்தான் ரோமாபுரி அழிந்தது என்று சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. கேட்கச் சுவையாக இருக்கும், ஆதாரம் போதாது. ரோமாபுரியின் குழாய்நீரில் ஊற்றுநீரைவிடச் சுமார் 100 மடங்கு காரீயம் இருந்தது என்று 2014ல் வெளியான ஆய்வு சொன்னது. அதே ஆய்வு, ஒரு நாகரிகத்தையே வீழ்த்தும் அளவு அது இல்லை என்றும் சொன்னது. அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, மண்குழாயில் வரும் தண்ணீர்தான் நல்லது, காரீயக் குழாயை விட்டுவிடுங்கள் என்று எழுதினார். காரீயப் பட்டறையில் வேலை செய்பவர்களின் முகம் வெளிறிக்கிடப்பதை அவர் சான்றாகக் காட்டினார். ஆக, தெரியாமல் நடந்த தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

செய்தித்தாள் வாசகர்களுக்குக் காரீயத்தோடு இன்னொரு சொந்தமும் உண்டு. 1450களில் ஜெர்மனியில் கூட்டன்பெர்க் அச்செழுத்து வார்த்தபோது காரீயத்தோடு வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்தார். காரீயம் எளிதில் உருகி வார்ப்பில் நிறையும், ஆண்டிமனி கடினத்தைக் கொடுக்கும். இந்தக் கலவை ஐந்நூறு ஆண்டுக்கு மேல் உலகத்தின் அச்சகங்களை ஆண்டது. தமிழும் மிக முன்னதாகவே இதில் ஏறியது. 1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகியது. பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நடத்தியபோது, ஜெர்மனியின் ஹால்லே நகரிலிருந்து 1713ல் வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த காரீயத் தகடுகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. பாலாடைக்கட்டியின் மேலுறை வேதாகமத்தின் எழுத்தாகியது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கணினி வரும்வரை தமிழ்ப் பத்திரிகைகள் கையால் கோக்கப்பட்ட ஈய எழுத்துகளில்தான் வெளிவந்தன. அச்சுக் கோப்பவர்கள் அறைகளில் குனிந்து நின்று, தலைகீழாக எழுத்துகளைப் படித்து வரிகளைக் கோப்பார்கள். விரல் கறுத்துப் போகும். பால் குடித்தால் ஈயம் உடம்பிலிருந்து இறங்கிவிடும் என்ற நம்பிக்கை அச்சகங்களில் நெடுங்காலம் இருந்தது. சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவியிருந்தால் அதைவிடப் பெரிய பயன் கிடைத்திருக்கும்.

தோட்டா, மீன்வலையின் ஈயக்குண்டு, சாயம், பற்றாசு என்று பயன்கள் பெருகிக்கொண்டே போயின. பிரான்சில் காஸ்டன் பிளாண்டே 1859ல் காரீயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்துத் திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய பேட்டரியைச் செய்தார். இன்று உலகில் பயன்படும் காரீயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போவது பேட்டரிகளுக்குத்தான். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் மலையில் 1883ல் கண்டறியப்பட்ட படிவம் உலகின் மாபெரும் காரீய, வெள்ளி, துத்தநாகச் சுரங்கங்களுள் ஒன்றாகியது. இன்று தோண்டி எடுப்பதில் சீனா முதலிடம்.

இனி, இந்த வரலாற்றின் மிக மோசமான அத்தியாயம். அது நடந்தது அமெரிக்காவில்.

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் எஞ்சினில் ஏற்படும் 'டக் டக்' என்ற இடிச்சத்தம் நின்றுவிடுவதைக் கண்டார். எரிசாராயம் கலந்தாலும் அந்தச் சத்தம் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எரிசாராயத்தை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். அதற்குக் காப்புரிமை வாங்க முடியாது. 1923 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தில் காரீயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பெயர் 'எத்தில்'. லெட் என்ற சொல்லை விளம்பரத்தில் தேடினாலும் கிடைக்காது.

அந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் மனம் பேதலித்தார்கள். இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டினார்கள். ஒரு தொழிற்கூடத்துக்கு 'பட்டாம்பூச்சி வீடு' என்றே தொழிலாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே எண்ணெய் ஆலையில் ஐவர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நிருபர்களைக் கூட்டி வைத்து, மிட்ஜ்லி அந்தத் திரவத்தைத் தம் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார். ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். தினமும் இப்படிச் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே காரீய நஞ்சால் நோய்வாய்ப்பட்டு, வேலையை விட்டு ஓய்வெடுக்கச் சென்றிருந்தார். அதை நிருபர்களிடம் சொல்லவில்லை. விற்பனை சிறிதுகாலம் நிறுத்தப்பட்டு, 1926ல் மீண்டும் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டு காலம் உலகத்தின் சாலைகள் எல்லாம் காரீயப் புகையை மூச்சாக விட்டன.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் சுற்றுச்சூழல் ஆய்வாளரும் இல்லை, மருத்துவரும் இல்லை. பூமியின் வயதைக் கணக்கிட முயன்ற கிளேர் பேட்டர்சன் என்ற வேதியியலாளர். யுரேனியம் சிதைந்து சிதைந்து இறுதியில் காரீயமாக மாறும். அந்த விகிதத்தை அளந்தால் வயது தெரியும். ஆனால் எந்தக் கல்லை அளந்தாலும் அளவு தாறுமாறாக வந்தது. காற்றில், தூசியில், தலைமுடியில், சோதனைக் குழாயில், எங்கும் காரீயம். அறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, தூசி நுழையாத ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்த பிறகுதான் அவருக்கு விடை கிடைத்தது. பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956ல் வெளியிட்டார். அந்த எண் பெரிய மாற்றமில்லாமல் இன்றும் நிற்கிறது.

வேறொருவராக இருந்தால் அந்தப் புகழோடு அமர்ந்திருப்பார். பேட்டர்சன், இவ்வளவு காரீயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விடவில்லை. ஆழ்கடல் நீரைவிட மேற்பரப்பு நீரில் காரீயம் அதிகம் இருப்பதைக் கண்டார். கிரீன்லாந்துப் பனியில் பழைய அடுக்கைவிடப் புதிய அடுக்கில் பன்மடங்கு இருந்தது. மனித உடம்பில் இருக்கும் காரீயம் இயற்கையானது, பயப்பட வேண்டாம் என்று தொழில்துறையின் மருத்துவர் ராபர்ட் கீகோ பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததை 1965ல் பேட்டர்சன் நேருக்கு நேர் மறுத்தார். எண்ணெய்த் துறையினர் தந்துவந்த ஆய்வு நிதி நின்றது. காற்றில் கலந்த காரீயம் பற்றி 1971ல் அமைக்கப்பட்ட அமெரிக்க ஆய்வுக் குழுவில் அவருக்கு இடமில்லை. அந்தத் துறையில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் அப்போது யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

பிறகு 1979ல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் ஒரு காரியம் செய்தார். பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். பற்களில் காரீயம் அதிகமிருந்த பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண் குறைவு. வகுப்பில் கவனமும் குறைவு. எந்தப் பிள்ளையும் நோயாளியாகத் தோன்றவில்லை. அதுதான் பயங்கரம். உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. வாய்வழி போகும் காரீயத்தில் பெரியவர்களின் உடம்பு பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், சிறு பிள்ளைகளின் உடம்பு பாதியளவு எடுத்துக்கொள்ளும். மூளை வளரும் வயதில் நேரும் சேதம் திரும்புவதில்லை. இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க எல்லையே கிடையாது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை.

ஒவ்வொரு நாடாகக் காரீயப் பெட்ரோலைக் கைவிட்டது. சிங்கப்பூரில் 1998ல் நின்றது. இந்தியாவில் 2000ல். கடைசியாக நின்றது அல்ஜீரியாவில், 2021 ஜூலையில். அமெரிக்காவில் 1970களின் இறுதியில் மக்களின் இரத்தத்தில் சராசரியாக டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராம் இருந்த காரீயம், 1990களின் தொடக்கத்தில் 2.8 ஆகக் குறைந்தது. பொதுச் சுகாதாரத்தில் இப்படிப்பட்ட வெற்றி அபூர்வம்.

பெட்ரோல் போனதால் காரீயம் போய்விட்டது என்று நினைத்தால் தவறு. 2014ல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் செலவைக் குறைப்பதற்காகக் குடிநீருக்கு ஆற்றுநீரைத் திறந்துவிட்டார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய காரீயக் குழாய்கள் கரைந்து குழந்தைகளின் குவளைக்கு வந்தன. யுனிசெஃப் நிறுவனம் 2020ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் மூன்றில் ஒரு பிள்ளை, அதாவது சுமார் 80 கோடிப் பிள்ளைகள், கவலைப்படத்தக்க அளவு காரீயத்தை இரத்தத்தில் சுமக்கிறார்கள்.

தமிழர் வீடுகளுக்கு வருவோம். முதலில் மஞ்சள். வங்காளதேசத்தில் 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று காட்ட, லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தேய்க்கும் பழக்கம் வந்தது. அது காரீயம் கலந்த சாயம். அங்குள்ள கிராமத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் எப்படி வந்தது என்று தேடிய ஆய்வாளர்கள், அந்த மஞ்சளில் போய் முடிந்தார்கள். 2019ல் அரசாங்கம் மண்டிகளில் சோதனை நடத்தி, அபராதம் போட்டு, துண்டறிக்கை ஒட்டியது. சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் இருந்த காரீயம் 2021ல் ஒன்றில்கூட இல்லை. முனைந்தால் இரண்டே ஆண்டில் முடிகிற காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மங்கலான கொம்பு மஞ்சளை வாங்கி வீட்டில் அரைப்பவர்கள் பத்தாம்பசலிகள் அல்லர்.

அடுத்து நெற்றிக் குங்குமமும் வகிட்டுச் செந்தூரமும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வது பழைய முறை. மலிவான சிவப்புக்காகக் காரீயச் செந்தூரம் கலந்து விற்றவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட பொருளைப் பற்றி அமெரிக்க அதிகாரிகள் 2007ல் பொது எச்சரிக்கையே விடுத்தார்கள். குழந்தை அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு விரலைச் சூப்பும். அந்த வழி போதும்.

மூன்றாவது, ஈயச் சொம்பு. ரசம் வைக்கும் அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது, புளித் தண்ணீரை ஊற்றிய பிறகே வைக்க வேண்டும் என்று பாட்டிமார் சொன்னார்கள். சுத்தமான வெள்ளீயத்தால் கேடு இல்லை. ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் விலை குறைவு. இரண்டும் எளிதில் கலக்கும். பார்வைக்கும் வேறுபாடு தெரியாது. புளி, தக்காளி, எலுமிச்சை எல்லாமே காரீயத்தைக் கரைத்து எடுக்கும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் கோடு விழும், அதுதான் காரீயம் என்று ஒரு சோதனை சொல்வார்கள். சிறிய அளவு கலப்படத்தை அது காட்டிக்கொடுக்காது. பெயர் தெரியாத கடையில், கலவை என்னவென்று சொல்லாமல் மலிவாகக் கிடைக்கும் சொம்பைவிட எவர்சில்வர் பாத்திரத்து ரசம் நல்லது. வாசம் சற்றுக் குறையலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசும் ஈயப்பூச்சுக்கும் இதே கணக்குதான்.

பென்சிலைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். அதன் உள்ளே இருப்பது கரியின் ஒரு வகையான கிராஃபைட். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அது கிடைத்தபோது காரீயம் என்று தவறாக எண்ணிப் பெயர் வைத்துவிட்டார்கள். ஷீலே என்ற வேதியியலாளர் 1779ல் உண்மையைக் கண்டறிந்த பிறகும் பெயர் போகவில்லை.

கடைசியாகப் பேட்டரி. இன்று சுத்திகரித்து விற்பனைக்கு வரும் காரீயத்தில் பாதிக்கு மேல் பழைய பொருள்களை உருக்கி எடுத்ததுதான். முறையான ஆலையில் நடந்தால் அது நல்ல காரியம். கொல்லைப்புறத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு செனகல் நாட்டின் தியாரொய் என்ற கடற்கரை ஊர் சாட்சி. அங்கே பல ஆண்டுகளாகப் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி வந்தார்கள். காரீயம் விலை ஏறியபோது, அந்த இடத்து மண்ணையே பெண்கள் சலித்து, மூட்டை கட்டி, வீட்டில் வைத்து விற்கத் தொடங்கினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்தத் தெருக்களில் 18 சிறு குழந்தைகள் இறந்தன. காரில் பேட்டரி மாற்றும்போது பழையதை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டு வருபவர்கள், அது அங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கலாம். மலேசியச் சட்டப்படி அது அட்டவணையிடப்பட்ட கழிவு. எடுத்துச் செல்பவருக்கும் உருக்குபவருக்கும் அதற்கென உரிமம் இருக்க வேண்டும்.